பதினோராவது கூறு

போன வருஷம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேசரிக் கிண்ணம் காலியாவதற்குள் என் மகள் நித்யாவின் கல்யாணம் நின்றுபோனது. ஜாதகம் காரணமில்லை. சீர்வரிசை காரணமில்லை. என் வீட்டுக்காரர் வரைந்த ஒரு படம்தான் காரணம்.

ஏரிக்கரை முனியப்பனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் கள்ளிக்குப்பம் வசந்தாவின் வணக்கம். ஆடித் திருவிழா மலருக்கு, முனியப்பன் எங்களுக்குச் செய்த உதவியை எழுதித் தரும்படி பூசாரி கேட்டார். ஒரு பக்கம் போதும் என்றார். எனக்கு எதையும் ஒரு பக்கத்தில் சொல்லத் தெரியாது என்று அவருக்கே தெரியும். இதில் உங்களில் சில பேர் வருவீர்கள். வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையில் எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பொத்தான் கோணியிருக்கிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. வீட்டிலும் நீ அதையேதான் செய்கிறாய் என்று என் வீட்டுக்காரர் தணிகாசலம் சொல்வார். அவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையரானவர். பெரிய பெரிய வண்டிகளின் உதிரி பாகங்களை வரைந்த கை. ரிடையரானதும் வரைய ஒன்றும் இல்லை. முதல் மாதம் என் சமையலறை அலமாரியை அளவெடுத்து வரைந்தார். இரண்டாவது மாதம் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி, திருமழிசை, திருவள்ளூர் என்று சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போனார். உங்கள் அப்பா யார், அவருடைய அப்பா யார், அவருடைய அப்பா யார் என்று கேட்டு மூன்று லாங் சைஸ் நோட்டு நிரப்பினார். பிறகு அதையெல்லாம் ஒரு பெரிய சார்ட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இயந்திரப் படம் மாதிரியே வரைந்தார். அதைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயில் போட்டு எங்கே போனாலும் கொண்டுபோவார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் குழாயைத் திறப்பார். ஒரு காதுகுத்து விழாவில் அவரைக் கண்டதும் ஓர் ஆள் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இந்த வேலைக்குப் பின்னால் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஆடி நாலாவது ஞாயிறு கிடா வெட்டிப் பொங்கல் வைத்த பிறகு பூசாரி பங்காளிகளுக்குக் கறியைக் கூறு போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வம்சத்தில் பதினொரு கிளை, அதாவது பதினொரு கொடி, பதினொரு தேக்கு இலை. முதல் கூறு, கிடாத் தலையோடு, பங்காளிகளில் பெரியவரான கோதண்டம் மாமா கொடிக்கு. கடைசிக் கூறு எங்களுக்கு. கழுத்தெலும்பும் கொஞ்சம் குடலும்தான் எங்கள் இலையில் இருக்கும். என் மாமனார் காலத்திலும் அதே, அவருடைய அப்பா காலத்திலும் அதே. ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள். எங்கள் கொடி எவ்வளவு மூத்த கொடி என்று படம் போட்டு நிரூபித்து, மூன்றாவது கூறாவது வாங்கிவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் திட்டம். மூன்றாவது கூறில் அப்படி என்ன இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். ஈரல் என்றார்.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். நித்யாவும் கார்த்திக்கும் வேலப்பன்சாவடியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஆறு வருஷப் பழக்கம். நல்ல பையன். அவர்கள் வீடு முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட், சொந்த ஊர் அரக்கோணம். எங்கள் ஆட்கள்தான். முதல்முறை பேசும்போதே குலதெய்வம் எது என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டோம். நாங்கள் முனியப்பன் என்றோம், அவர்கள் அரசமரத்து ஐயா என்றார்கள். ஒரே தெய்வம் என்றால் பங்காளி, பங்காளி வீட்டில் பெண் கொடுத்து எடுக்க முடியாது. இது வேறு வேறு தெய்வம், பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வந்தார்கள். கார்த்திக்கின் அப்பா ஜெகந்நாதன், அம்மா மல்லிகா, கார்த்திக். நான் கேசரி எடுத்து வர உள்ளே போன நேரம் பார்த்து இவர் குழாயைத் திறந்துவிட்டார். ஜெகந்நாதன் மரியாதைக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் விரல் ஓர் ஓரத்தில் நின்றது. அங்கே இவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தது இதுதான்: முனுசாமி, ரயில்வே வேலை, பிடிமண் எடுத்துக்கொண்டு அரக்கோணம் சென்றார், மேற்கொண்டு தகவல் இல்லை.

"இது எங்க தாத்தாங்க" என்றார் ஜெகந்நாதன்.

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எட்டு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த கிளை அது. முனுசாமி இங்கிருந்து எடுத்துப் போன ஒரு பிடி மண்ணை அரசமரத்தடியில் வைத்துக் கும்பிட்டதுதான் அரசமரத்து ஐயா. அந்த ஐயாவும் நம் முனியப்பனும் ஒருவர்தான். இரண்டு ஆண்களும் பங்காளி, பங்காளி என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இவர் கண்ணில் தண்ணீர். சந்தோஷத்தில் ஆளுக்கு இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் அந்த வீட்டில் அப்படி ஓர் ஆனந்தம். அப்போது மல்லிகா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அப்போ இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சியா?"

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். என் வீட்டுக்காரர் பென்சிலை எடுத்தார். கோட்டின் மேல் வைத்து மேலிருந்து கீழாக எண்ணினார். அண்ணன் தங்கை இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. முறைப்படி பார்த்தால் கார்த்திக் நித்யாவுக்குச் சித்தப்பா ஆகிறார் என்றார். ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. தான் என்ன சொன்னோம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜெகந்நாதன் நல்ல மனிதர். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, எனக்கு இஷ்டம்தான், ஆனால் தெரிந்த பிறகு எப்படிச் செய்வது, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள் என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானம் நித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, ஆறு வருஷமா நான் லவ் பண்ணது எங்க சித்தப்பாவையாம்" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அவள் சின்ன வயதில்கூட அப்படி அழுததில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கார்த்திக்கும் அதையே சொன்னானாம். வேலைக்குப் போவாள், வருவாள், தட்டில் போட்டதில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோவாள். பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர் சார்ட்டைச் சுருட்டிப் பீரோ மேல் போட்டுவிட்டார். நான் அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு என்று மட்டும் ஒருமுறை சொன்னேன்.

பத்தாவது நாள் செவ்வாய்க்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லி பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முனியப்பனிடம் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். கல்யாணம் நடக்க வேண்டும் என்று கேட்டால் பங்காளி வீட்டில் எப்படி நடக்கும்? அவர்கள் பங்காளியாக இல்லாமல் போகட்டும் என்று கேட்டால், பாவம், அவர்கள் பிடிமண் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனவர்கள். அப்புறம் மிச்சம் இருப்பது நாங்கள்தான். அவர் எதிரில் நின்று வாய்விட்டே கேட்டேன்.

"முனியப்பா, நாங்க உன் வம்சம் இல்லேன்னு எப்படியாச்சும் காட்டிக் குடு. காட்டிக் குடுத்துட்டா வருஷா வருஷம் குடும்பத்தோட வந்து உனக்குப் பொங்கல் வெக்கிறேன்."

கற்பூரத் தட்டோடு வந்த பூசாரி அப்படியே நின்றுவிட்டார். இந்த மாதிரி வேண்டுதலை அவர் கேட்டதே இல்லையாம். இல்லேன்னு ஆயிட்டா அப்புறம் எதுக்கும்மா வருவ என்று கேட்டார். அது எனக்கும் முனியப்பனுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்விதான். அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கும் வரைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பீரோ மேலிருந்து குழாயை எடுத்தேன். சார்ட்டைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவள். குறை இல்லாத சட்டையே கிடையாது, இது மட்டும் எப்படிக் குறை இல்லாமல் இருக்கும்? இவர் பயந்துபோய்ப் பின்னால் வந்து நின்றார். சட்டையில் தையலைத் தொட்டுக்கொண்டே போவது போல் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனேன். ஐந்து நிமிஷத்தில் குறை தெரிந்துவிட்டது.

ஆறு தலைமுறை. நாற்பத்தேழு ஆண்கள். ஒரு பெண் கிடையாது. ஆண்களே ஆண்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ம-1 என்று இருந்தது. இது என்ன என்று கேட்டேன். மனைவி ஒன்று என்று அர்த்தமாம். ஒருவருக்கு ம-2 இருந்தது. கடைசியில் தேடிப் பார்த்தால் தணிகாசலம், அதற்குக் கீழே ம-1. அதுதான் நான். முப்பது வருஷம் இவருக்குப் பொங்கிப் போட்டுத் துவைத்துப் போட்டவள்.

ஒன்பது நாள் பேசாமல் இருந்ததையெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பேசினேன். படத்தில் தேவையானதை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் தாத்தா ஏகாம்பரம் வானத்திலிருந்து குதித்தாரா, அவருடைய அம்மா பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். தலையைச் சொறிந்தார். நான் போனை எடுத்துச் சரோஜா அத்தைக்குப் போட்டேன். அத்தை என் மாமனாரின் தங்கை, அதாவது அந்த ஏகாம்பரத்தின் மகள். பூந்தமல்லியில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பது வயது. டிவி சத்தத்தைக் குறைக்காமலே போன் பேசுகிறவர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அத்தே, உங்க அப்பாவோட அம்மா பேரு இன்னா என்று கத்தினேன்.

"எந்த அம்மா? பெத்தவளா, வளத்தவளா?" என்றார் அத்தை.

எனக்குப் பின்னால் பென்சில் தரையில் விழுந்தது.

அத்தை சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். படத்தில் ஏகாம்பரத்துக்கு அப்பாவாக இருக்கிற சின்னத்தம்பிக்கும் அவர் மனைவி கன்னியம்மாளுக்கும் நான்கு பிள்ளை பிறந்து நான்கும் தங்கவில்லை. அந்தச் சமயம் திருத்தணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வந்திருந்தது. வந்த இடத்தில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அஞ்சலை என்கிற அந்தப் பெண் மூன்று பிள்ளைகளோடு நின்றாள். ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். மூன்றுக்கும் சோறு போட வழியில்லை. கைக்குழந்தையை முனியப்பன் எதிரில் தரையில் போட்டாள். கன்னியம்மாள் ஒரு மரக்கால் தவிட்டை அவள் முந்தானையில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் குழந்தைதான் ஏகாம்பரம். அஞ்சலை சில வருஷம் ஆடித் திருவிழாவுக்கு வந்து ஏரிக்கரையிலேயே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாளாம். கன்னியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டாளாம்.

உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று பிள்ளையைக் கேலி செய்யாத வீடு நம்மில் உண்டா? இவர் சின்னப் பையனாக இருக்கும்போது இவருடைய அப்பாவும் சொல்லியிருக்கிறார், உன்னை என்னடா, உங்கள் தாத்தாவையே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள் என்று. இவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். கேலிப் பேச்சை எல்லாம் நோட்டில் ஏற்றுவார்களா என்று அதை எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த வீட்டில் மட்டும் அது கேலி இல்லை.

இவ்வளவு நாள் ஏன் அத்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரு கேட்டா? உன் புருசன் வந்தான், ரெண்டு மணி நேரம் குந்திக்கினு மிக்சர் துன்னான். எங்க அப்பா, அவுங்க அப்பா, அவுங்க அப்பான்னு ஆம்பளைங்களையே கேட்டுக்கினு இருந்தான். எழுந்து பூட்டான். பொம்பளைங்க இருந்தாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

மத்தியானம் ஒரு மணிக்கு வேண்டிக்கொண்டேன். சாயந்திரம் ஆறு மணிக்குப் பதில் வந்துவிட்டது. முனியப்பன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நித்யா வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அப்போ சித்தப்பா இல்லையா என்று மூன்று தடவை கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். அன்றைக்குத்தான் அவள் முழுத் தட்டும் சாப்பிட்டாள். சந்தோஷத்தில் நான் இவரைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சார்ட்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்போ நான் யாரு வசந்தா?" என்றார்.

நித்யாவுக்கு அப்பா என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

ஜெகந்நாதனுக்குப் போன் செய்தோம். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கோயிலில் பங்காளிகள் எதிரில் இதைச் சொல்லி அவர்கள் வாயால் சரி என்று ஒரு வார்த்தை வந்தால் எனக்குத் தைரியம் என்றார். ஆடி நாலாவது ஞாயிறு எல்லோரும் வருவார்களே, அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. மூன்றாவது கூறு கேட்பதற்காகப் படம் வரைந்த மனிதர், எனக்கு இங்கே கூறே கிடையாது என்று சொல்வதற்காக அதே படத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், என் தாத்தா விஷயம், நான்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்.

அன்றைக்கு நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். கார்த்திக் வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். பொங்கல் பொங்கி, கிடா வெட்டி முடிந்ததும் இவர் எழுந்து நின்றார். சார்ட்டை விரித்தார். அஞ்சலை, கன்னியம்மாள், தவிடு எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் தாத்தா இந்த வம்சத்தில் பிறந்தவர் இல்லை, இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோதண்டம் மாமா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"அது எங்களுக்குத் தெரியுமேப்பா."

பத்துக் கொடியும் தலையை ஆட்டியது. எல்லோருக்கும் தெரியும். பந்தல்காரர்கூடத் தலையை ஆட்டினார். எட்டு மாதம் இந்த மனிதர் பெட்ரோல் போட்டு வீடு வீடாக வந்தாரே, ஒருவராவது சொன்னீர்களா? அவன் மனசு கஷ்டப்படுமே என்றுதான் சொல்லவில்லை என்றார்கள். போகட்டும், தெரிந்திருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஜெகந்நாதன் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது கோதண்டம் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஆனா ஒண்ணு. தத்து வந்தாலும் பங்காளி பங்காளிதான். முனியப்பன் முன்னாடி தூக்கின புள்ள பெத்த புள்ளைக்கு ஒரு படி மேல. நம்ம ஊட்டுப் பொண்ணை நம்ம ஊட்டுப் பையனுக்கு எப்பிடிப்பா கட்டறது?"

அதற்கும் பத்துக் கொடியும் தலையை ஆட்டியது. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டாள்.

அந்தச் சபையில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். பேசுகிற எண்ணமும் எனக்கு இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, யாரும் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கம் பூசாரி தேக்கு இலைகளை வரிசையாகப் போட்டு, முதல் இலையில் தலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் வாயில் வார்த்தை வந்தது. அது என் புத்தி இல்லை, முனியப்பன் வைத்த வார்த்தை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

"மாமா, பெத்த புள்ளைக்கு ஒரு படி மேலன்னா, மூணு தலைமுறையா எங்களுக்கு ஏன் கடைசிக் கூறு?"

கோதண்டம் மாமா இன்னொரு வெற்றிலையை எடுத்து மடித்தார். பின்னாலிருந்து யாரோ, வந்து சேர்ந்த கொடி என்று அந்தக் காலத்திலேயே அப்படி வைத்துவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அது போதும் எனக்கு.

"அப்போ ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பங்காளின்னா இன்னிக்கு அந்தத் தலையை எங்களுக்குக் குடுங்க. பங்காளி இல்லேன்னா மாப்பிள்ளையைக் குடுங்க."

எல்லோரும் ஆட்டுத் தலையைப் பார்த்தார்கள். பிறகு கார்த்திக்கைப் பார்த்தார்கள். மறுபடியும் தலையைப் பார்த்தார்கள். கார்த்திக்கும் அந்தத் தலையைப் பார்த்ததை நான் கவனித்தேன். கோதண்டம் மாமா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுக்குப் போகிற தலை அது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். ரத்தம் வேறதான், அதில் சந்தேகமே இல்லை, கல்யாணத்தை நல்லபடியாக நடத்துங்கள் என்றார் மாமா. நித்யா அழுதாள். மல்லிகா அவளைக் கட்டிக்கொண்டார். ஜெகந்நாதன் சம்பந்தி என்று கையை விரித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் தேடினார்.

இவரைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். அஞ்சலை வந்து நிற்பாள் என்று அத்தை சொன்ன அதே கரை. இங்க இன்னா பண்றீங்க, உள்ள எல்லாரும் தேடறாங்க என்றேன்.

"உள்ள வர்றதுக்கு நான் யாரு?" என்றார்.

நாங்கள் உன் வம்சம் இல்லை என்று காட்டு என்று நான்தானே கேட்டேன். முனியப்பன் காட்டிவிட்டார். முனியப்பா, நான் கல்யாணத்துக்காகக் கேட்டேன், இந்த மனிதரை வெளியே நிற்க வைக்கச் சொல்லிக் கேட்கவில்லையே என்று மனசுக்குள் அழுதேன். முதல் தடவை வாய்விட்டுக் கேட்டேன். இந்தத் தடவை கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

உள்ளே பூசாரி கூறு அழைக்க ஆரம்பித்தார். கோதண்டம் மாமா கொடி முதலில். ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். பத்தாவது கொடியை அழைத்தார். அவ்வளவுதான், வாங்க பஸ்ஸுக்குப் போகலாம் என்று இவர் கையைப் பிடித்தேன். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தணிகாசலம் கொடி!"

நாங்கள் அசையவில்லை. யாரோ பூசாரியிடம், அவர்கள்தான் இப்போது பங்காளி இல்லையே, இந்த வருஷம் பத்துதான் என்று சொல்வது கேட்டது. பூசாரி சத்தமாகவே சொன்னார்:

"கூறு போடறவன் நானு. எண்ணிக்கையைக் கொறைக்கச் சொல்லி முனியப்பன் எங்கிட்ட சொல்லல. பொண்ணு குடுக்கறது எடுக்கறது உங்க விஷயம், கூறு அவரு விஷயம். வந்து வாங்கிக்கினு போவச் சொல்லு."

அதற்குப் பிறகு கோதண்டம் மாமாவே வாசல் வரைக்கும் வந்து, "டேய் தணிகாசலம், ஈ மொய்க்குதுடா, வாடா" என்று கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இத்தனை வருஷமாக அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கின இலை அது. அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கினார். தோளெல்லாம் குலுங்க அழுதார். பிறகு குனிந்து இலைக்குள் பார்த்தார். கழுத்தெலும்பு, குடல், அதற்கு மேல் ஒரு சின்னத் துண்டு ஈரல் இருந்தது. பூசாரியைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்காமல் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. நித்யா முகப்பேரில் சந்தோஷமாக இருக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் கார்த்திக்கைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாளாம். இவர் சார்ட்டைப் புதிதாக வரைந்துவிட்டார். அஞ்சலையிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரு கோடு போகிறது. கன்னியம்மாளும் சின்னத்தம்பியும் இருக்கிற இடத்திலிருந்து ஏகாம்பரத்துக்கு விட்டு விட்டு ஒரு கோடு போட்டிருக்கிறார். இயந்திரப் படத்தில் அப்படிக் கோடு போட்டால், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமாம். இதை என்னிடம் மூன்று முறை விளக்கிவிட்டார். ம-1 எல்லாம் போய்விட்டது. அவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் வசந்தா என்று எழுதியிருக்கிறார். எழுதியதோடு விடவில்லை. என் அம்மா யார், அவருடைய அம்மா யார் என்று கேட்டுக்கொண்டு போன வாரம் என் பிறந்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய்விட்டார். இவரிடமிருந்து அவர்களை முனியப்பன்தான் காப்பாற்ற வேண்டும்.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் கடைசிக் கூறை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முணுமுணுத்துக்கொண்டேதான் குழம்பு வைப்பேன். இப்போது அந்த எலும்பைக் கழுவும்போது ஒரு மரக்கால் தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு நடந்துபோன ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். இங்கே பிறக்காமல் வந்து சேர்ந்தவள்தானே நானும்.

உங்களில் யாருக்காவது முட்டிக்கொண்டு நிற்கிற கஷ்டம் ஏதாவது இருந்தால் முனியப்பனிடம் வந்து கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று யோசிக்காதீர்கள், நான் கேட்டதைவிடக் கோணலாக யாரும் கேட்டுவிட முடியாது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டுப் பெண்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் அங்கேயே பதிலை வைத்திருக்கக்கூடும். இல்லேன்னு ஆயிட்டா அப்புறம் எதுக்கும்மா வருவ என்று அன்றைக்குப் பூசாரி கேட்டாரே, அதற்கான பதிலை இந்த ஆடி நாலாவது ஞாயிறு பொங்கல் பானையோடு கொண்டுவருகிறேன். கோதண்டம் மாமா இந்த வருஷம் எங்களுக்கு மூன்றாவது கூறு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப நன்றி, வேண்டாம். பதினோராவது கூறு எங்களுடையது, அதில் யாரும் கை வைக்காதீர்கள்.